வாசலில் போட்ட கையெழுத்து

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ ரயில் ஏறுகிறாய். அதற்குள் இதைப் படித்து முடித்துவிடு. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இந்த மனுசன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று சிரிப்பாய். சிரி. நேரில் சொல்லத்தான் பார்த்தேன். திங்கட்கிழமை நீ புது பூட்ஸைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். “என்னங்கப்பா?” என்றாய். “சைஸ் சரியா இருக்குதா கண்ணு?” என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன். நேற்று காந்திபுரத்தில் உனக்குப் போர்வை வாங்கப் போனபோதும் அதே கதைதான். வாய் வரைக்கும் வந்ததை மென்று முழுங்கிவிட்டேன். இருபத்து மூன்று வருடம் பூமிக்கு அடியில் வேலை பார்த்தவனுக்குப் பெற்ற மகளிடம் நாலு வார்த்தை பேசத் தைரியம் இல்லை. எழுதினால் உன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, அதனால் எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் இண்டர்வியூ முடிந்து வந்து நீ ஹாலில் நின்று சொன்னாயே, அதுதான் என்னைத் தூங்கவிடாமல் அடிக்கிறது. “இந்த வேலைக்கு ஏன் வரணும்னு கேட்டாங்க. எங்கப்பா சுரங்கத்துல ஒருத்தரக் கெட்ட காத்துல இருந்து இழுத்துட்டு வந்த கதையச் சொன்னனுங்கப்பா. அத்தன பேரும் அப்படியே கேட்டுட்டு உக்காந்திருந்தாங்க” என்றாய். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. உங்கம்மாவைப் பார்த்து, “நானா இருந்தாலும் அப்பா மாதிரி ஓடித்தான் போயிருப்பேன்” என்றாய். உங்கம்மா உனக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள். நான் சிரித்துக்கொண்டே நின்றேன். பரீட்சையில் இதற்குச் சரியான பதிலை நீ எழுதியிருப்பாய். கேஸ் டெஸ்டிங் சர்டிபிகேட்டை முதல் தடவையிலேயே வாங்கினவள் நீ, விதி என்ன சொல்கிறது என்று உனக்குத் தெரியாததில்லை. ஆனால் ஆபத்து நேரத்தில் மனுசன் விதியை யோசித்துக்கொண்டு நிற்பதில்லை. சின்ன வயதில் மனதில் பதிந்த கதைதான் காலை இழுத்துக்கொண்டு போகும். அந்தக் கதையை உன் மனதில் பதித்தவன் நான். அதில் பாதி பொய்.

உனக்குத் தெரிந்த வேலைதான் என்றாலும் என் வாயால் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். துடியலூரில் இன்றைக்கும் பாதிப் பேருக்கு நான் என்ன வேலை பார்த்தேன் என்று தெரியாது. கேஸ் சூப்பர்வைசர் என்றால் சிலிண்டர் ஏஜென்சி என்று நினைத்துக்கொள்கிறார்கள். உன் சித்தப்பா கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், “மாப்பிள்ளைக்கு அண்ணன் கேஸ் கம்பெனிலீங்களா? எங்களுக்கு ஒரு கனெக்சன் சீக்கிரமா வாங்கிக் குடுப்பாருங்களா?” என்று கேட்டார்கள். கோதாவரிப் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்தில் என்ன வேலை என்று அவர்களுக்கு விளக்குவதற்குள் பஜ்ஜி ஆறிவிட்டது. வேலை இவ்வளவுதான்: ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஆட்கள் உள்ளே போகும் முன்பு நான் ஒருவன் மட்டும் போவேன். கையில் சோதனை விளக்கு. கேலரி என்கிற ஒவ்வொரு சுரங்கப் பாதையிலும் கடைசி வரைக்கும், நிலக்கரிச் சுவர் முட்டுகிற முகப்பு வரைக்கும் நடக்க வேண்டும். மேலே விளக்கைத் தூக்கித் தீப்பிடிக்கிற காற்று இருக்கிறதா என்றும், கீழே இறக்கி மூச்சை அடைக்கிற காற்று இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். முதல் காற்றில் சுடர் நீளும், இரண்டாவதில் சுண்டி அணையும். எல்லாம் சரியென்றால் முகப்பில் இருக்கிற பலகையில் சாக்பீஸால் தேதி, நேரம், என் கையெழுத்து. அதைப் பார்த்துத்தான் ஆட்கள் உள்ளே வந்து வேலையைத் தொடங்குவார்கள். அந்தக் கிறுக்கலை நம்பித்தான் தூக்குப்போசியைத் திறந்து அங்கேயே சோறு தின்பார்கள்.

எங்கள் பகுதியில் ஒரு சாய்வான கேலரி இருந்தது. வாசலில் இருந்து கீழே நூற்றைம்பது அடி இறங்க வேண்டும். கூரை தாழ்வு, குனிந்தே நடக்க வேண்டும். கடைசியில் முழங்காலுக்குத் தண்ணீர் நிற்கும். அதை இறைக்க ஒரு பம்பு. அந்தப் பம்பை ஓட்டியவர் மயில்சாமி, நம்ம தாராபுரத்துக்காரர். என்னைவிட ஆறு வயது சின்னவர். அத்தனை தெலுங்குக்காரர்களுக்கு நடுவில் நாங்கள் இரண்டு பேர்தான் கொங்குத் தமிழ் பேசுகிறவர்கள் என்பதால் தீபாவளிக்கு அவர் நம் குவாட்டர்ஸுக்கு வந்துவிடுவார். உன்னைத் தோளில் உட்கார வைத்துக் கடைத்தெரு சுற்றிக் காட்டினவர் அவர். அப்போது நீ மூன்றாம் வகுப்பு, கொஞ்சம் ஞாபகம் இருக்கும். அந்தக் கேலரிக்குள் காற்று போவதற்கு வாசலில் ஒரு தார்ப்பாய்த் திரை கட்டியிருக்கும். ஓடுகிற காற்றை அந்தத் திரை தடுத்து உள்ளே திருப்பிவிடும். திரை விழுந்தால் காற்று உள்ளே போகாது. போகாவிட்டால் கெட்ட காற்று கீழே தண்ணீர் மாதிரி தேங்கிக்கொள்ளும். அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது, இருமல்கூட வராது.

அன்றைக்கு இரண்டாம் ஷிப்ட். ஆட்கள் உள்ளே போகும் முன்பு நான் மட்டும் சுற்றி வந்தேன். இந்தக் கேலரியின் வாசலில் வந்து நின்றேன். எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லலாம், முட்டி வலி என்று சொல்லலாம். முட்டி வலித்தது உண்மைதான், ஆனால் அது காரணம் இல்லை. சாக்குச் சொல்ல நான் இதை எழுதவில்லை. மூன்று மாதமாகத் தினமும் அந்தச் சாய்வில் இறங்கி ஏறினேன். ஒரு நாளும் அங்கே ஒன்றும் இருந்ததில்லை. நேற்று இருந்த மாதிரித்தானே இன்றைக்கும் இருக்கப் போகிறது என்று நினைத்தேன். அவ்வளவுதான் கண்ணு. வாசலிலேயே நின்று விளக்கை மேலேயும் கீழேயும் காட்டினேன். அங்கே இருந்த மரத் தூணில் தேதி, நேரம், கையெழுத்துப் போட்டேன். ரிஜிஸ்டரில் முகப்பு வரை பார்த்தேன், காற்று சுத்தம் என்று எழுதினேன். திரையின் அந்தப் பக்கத்து முடிச்சு அவிழ்ந்து பாதி தொங்கிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. இறங்கியிருந்தால் முகத்தில் காற்று படாததிலேயே தெரிந்திருக்கும்.

மயில்சாமி வந்தார். தூணில் என் கையெழுத்தைப் பார்த்தார். “போலாங்களாண்ணா?” என்று ஒரு வார்த்தை கேட்டார். “போ தம்பி, சுத்தமா இருக்குது” என்றேன். இந்த நாலு வார்த்தையை உனக்குச் சொன்ன கதையில் எப்போதுமே விட்டுவிட்டேன். அவர் இறங்கிப் போய்ப் பத்து நிமிடத்துக்குள் பம்பு சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை. கூப்பிட்டேன், பதில் இல்லை. கீழே அவருடைய தலைவிளக்கு மட்டும் அசையாமல் ஒரே இடத்தில் தெரிந்தது. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அந்த நேரத்தில் நான் செய்ய வேண்டியது மூன்று. போனில் மீட்புக் குழுவைக் கூப்பிட வேண்டும், திரையைச் சரி செய்ய வேண்டும், யாரையும் உள்ளே விடக்கூடாது. மூன்றில் ஒன்றையும் செய்யவில்லை. ஓடினேன். பாதிச் சாய்விலேயே கையில் இருந்த விளக்குச் சுடர் சுண்டி அணைந்துபோனது. அப்படியும் ஓடினேன். அதைத்தான் நீ துணிச்சல் என்று இண்டர்வியூவில் சொல்லியிருக்கிறாய். ஐயோ கண்ணு, அது துணிச்சலே இல்லை. அவர் செத்துப்போனால் கொன்றவன் நான் என்று எனக்குத் தெரிந்துபோனது. அந்தப் பயத்தில் ஓடினேன். திருடன் மாட்டிக்கொள்ளாமல் ஓடுவானே, அந்த ஓட்டம்தான் அது.

மூச்சை அடக்கிக்கொண்டு அவருடைய பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன். பதினைந்து இருபது அடி வந்திருப்பேன். அதற்கு மேல் அடக்க முடியாமல் மூச்சை இழுத்துவிட்டேன். கால் இரண்டும் வாழைத்தண்டு மாதிரி மடிந்தது. அவர் மேல் நான் விழுந்தது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. நான் அவரை வாசல் வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்ததாக உனக்குச் சொன்னேனே, அது சுத்தப் பொய். நீ சின்னப் பிள்ளையாக “அப்புறங்கப்பா, அப்புறங்கப்பா?” என்று கேட்கக் கேட்க ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். எங்களைக் காப்பாற்றினவர் ராஜய்யா. கூரைக்கு முட்டுக்கொடுக்கிற வேலை அவருக்கு, உள்ளூர்த் தெலுங்குக்காரர். நான் ஓடுவதைப் பார்த்து அவரோடு இருந்த இருவரும் பின்னாலேயே ஓட வந்திருக்கிறார்கள். ராஜய்யா அவர்களைச் சட்டையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார். ஒருத்தனைப் போனுக்கு விரட்டினார், இன்னொருத்தனோடு சேர்ந்து திரையை இழுத்துக் கட்டினார். காற்று உள்ளே திரும்பியது. அது கீழே வரைக்கும் போய்ச் சேர்வதற்குக் காத்திருந்து, விளக்கு அணையாமல் எரிகிறதா என்று அடி அடியாகப் பார்த்துக்கொண்டே இறங்கி வந்து எங்கள் இருவரையும் கயிறு கட்டி இழுத்திருக்கிறார். எனக்கு நினைவு வந்தபோது அவர் தெலுங்கில் என்னைக் கெட்ட வார்த்தையால் திட்டிக்கொண்டிருந்தார். அவ்வளவு திட்டும் எனக்குத் தகும்.

நான் ஒரு மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மயில்சாமி எனக்கு முன்னாலிருந்தே அந்தக் காற்றில் கிடந்தவர். ஆஸ்பத்திரியில் நான்கு நாள் கழித்துத்தான் பேசினார். அதற்குள் நான் இன்னொன்றும் செய்துவிட்டேன். இதைத்தான் எழுத முடியாமல் மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். கேலரியில் காற்று சரியானதும், அது பாதுகாப்பானதா என்று முதலில் போய்ச் சோதித்துச் சொல்ல வேண்டிய ஆள் யார்? கேஸ் சூப்பர்வைசர். நான்தான் போனேன், இந்தத் தடவை முகப்பு வரைக்கும். அங்கே பலகை காலியாக இருந்தது. சட்டைப் பையில் சாக்பீஸ் இருந்தது. மதியத்து நேரத்தைப் போட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். விசாரணைக்கு வந்தவர்கள் பலகையைப் பார்த்தார்கள், ரிஜிஸ்டரைப் பார்த்தார்கள். நான் சோதித்துவிட்டுப் போன பிறகு திரை அவிழ்ந்திருக்கிறது என்று முடிவு செய்தார்கள். மயில்சாமியிடமும் போய், முகப்பில் கையெழுத்து இருந்ததா என்று கேட்டார்கள். “இருந்துச்சுங்க” என்றார். கூட வேலை பார்க்கிறவனைக் காப்பாற்ற ஓடினேன் என்று அந்த வருடப் பாதுகாப்பு விழாவில் எனக்கு மாலை போட்டார்கள், நம் ஹாலில் மாட்டியிருந்த சான்றிதழைக் கொடுத்தார்கள். ராஜய்யா கூட்டத்தில் உட்கார்ந்து கை தட்டினார். மயில்சாமிக்குக் கை நடுக்கம் நிற்கவே இல்லை. வேலைக்குத் தகுதி இல்லை என்று எழுதி ஊருக்கு அனுப்பினார்கள். ரயில் ஏற்றிவிட நான் போகவில்லை, ஷிப்ட் என்று சொல்லி அனுப்பினேன்.

அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கப் போனதே இல்லை கண்ணு. ஓய்வு பெற்று இங்கே வந்து இத்தனை வருடம் ஆகிறது. துடியலூரில் இருந்து தாராபுரம் என்ன அமெரிக்காவா? இரண்டு பஸ் மாறினால் போதும். போன வாரம் பல் டாக்டரிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேனே, அங்கேதான் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவர் சம்சாரம் டிபன் கடை வைத்திருக்கிறார். மயில்சாமி கல்லாவில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, “வாங்கண்ணா, வாங்கண்ணா, ஏனுங்க இப்பத்தான் வழி தெரிஞ்சுதுங்களா?” என்றார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. எனக்கு டம்ளர் நிறைய டீ வந்தது, அவருக்கு அரை டம்ளர். நிறைய ஊற்றினால் கை ஆடிச் சிந்திவிடுமாம். உன்னைப் பற்றிச் சொன்னேன். நீ அதே பக்கம் வேலைக்குப் போவதைச் சொன்னேன். அப்புறம், “தம்பி, அன்னிக்கு நான் உள்ள வரவே இல்ல. வாசல்லயே நின்னு கையெழுத்துப் போட்டுட்டேன்” என்று சொன்னேன்.

“தெரியுமுங்க” என்றார். டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, “கடைசி வரைக்கும் போய்ப் பலகையப் பாத்தனுங்கண்ணா. உங்க கையெழுத்தக் காணோம். திரும்பீர்லாம்னு நெனச்சேன், அதுக்குள்ள காலு மடங்கிப்போச்சு” என்றார்.

“அப்புறம் எதுக்கு இருந்துச்சுன்னு சொன்ன?”

“இல்லீன்னு சொன்னா உங்கள வேலைய உட்டுத் தூக்கிப்போட்டு வேற ஒருத்தனக் கொண்டாருவாங்க. அவன் எப்படிப்பட்டவனோ, ஆரு கண்டா? ஆஸ்பத்திரிக்கு வந்து நின்னீங்களே, அன்னிக்கு உங்க மூஞ்சியப் பாத்தனுங்க. இந்த மனுசன் இனி ஒரு நாளும் கடைசி வரைக்கும் போகாம கையெழுத்துப் போடமாட்டாருன்னு தோணுச்சு. எனக்குப் போனது போச்சு, மிச்சம் இருக்கறவிங்களாவது நல்லா இருக்கட்டும்னு சொல்லிப்போட்டேன்.” டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “போனீங்கல்லங்கண்ணா? அப்புறம் கடைசி வரைக்கும் போனீங்கல்ல?” என்று கேட்டார்.

போனேன் என்றேன். அது உண்மை. அதற்குப் பிறகு பணி முடிகிற நாள் வரை ஒரு முகப்பையும் விட்டதில்லை. அவருக்கு அது போதுமாக இருந்தது. எனக்குத்தான் அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்து அழுகை வந்துவிட்டது. பரோட்டா தின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சம்சாரத்துக்கு ஒன்றும் தெரியாது போலிருக்கிறது. “பொரையேறிருச்சுங்களா?” என்று கேட்டுத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

அன்று சாயங்காலமே உங்கம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “இத்தன வருசமா அந்தச் சர்டிபிகேட் சட்டத்தத் தூசி தட்டித் தட்டி வெச்சனேங்க” என்றாள். அப்புறம், “அவகிட்டச் சொல்லிப்போடுங்க. சொல்லாம ரயிலேத்துனீங்கன்னா, ஸ்டேசன்ல வெச்சு நானே சொல்லீருவேன்” என்றாள். உனக்கே தெரியும், சொன்னால் செய்கிறவள். ஹாலில் சுவர் காலியாக இருக்கிறதே, சான்றிதழைக் கண்ணாடி மாற்றவா கழற்றினீர்கள் என்று நேற்று நீ கேட்டாய். கழற்றினது உங்கம்மா.

இனி நீ என்னை என்னவென்று நினைத்தாலும் சரி, நான் ஒன்றும் கேட்க மாட்டேன். ஆனால் வேலை விஷயத்தில் சொல்வதைக் கேள். உன் கையில் சோதனை விளக்கு இருக்காது, மார்பில் மாட்டுகிற மீட்டர் கொடுப்பார்கள். அது கூவவில்லை என்றால் காற்று நல்லது என்று நினைத்துவிடாதே. மார்புக்கு நேரே இருக்கிற மீட்டர் மார்புக்கு நேரே இருக்கிற காற்றை மட்டும்தான் சொல்லும். கழற்றிக் கூரை வரைக்கும் தூக்கு, குனிந்து தரை வரைக்கும் இறக்கு. இடுப்பு ஒடியும், ஒடியட்டும். பெண் பிள்ளை எவ்வளவு தூரம் நடக்கிறாள் பார்க்கலாம் என்று சிலர் வேடிக்கை பார்ப்பார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும். ஏதாவது ஒரு நாள் உன்னால் கடைசி வரைக்கும் போக முடியாமல் போகலாம். காய்ச்சலாக இருக்கும், வீட்டுக்குத் தூரமாகியிருப்பாய், தண்ணீர் ஏறியிருக்கும். அன்றைக்கு ரிஜிஸ்டரில் போகவில்லை என்று எழுதிவிடு. அந்தக் கேலரியில் அன்றைக்கு வேலை நடக்காது. மேலே இருக்கிறவர்கள் கத்துவார்கள், உற்பத்தி போச்சு என்று குதிப்பார்கள். ஒரு நாள் கத்திவிட்டு மறந்துவிடுவார்கள். நான் எழுதியிருந்தால் மயில்சாமி இன்றைக்கு டம்ளர் நிறைய டீ குடிப்பார்.

இன்னொன்று. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். நீ எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு நாள் யாராவது உள்ளே விழலாம். நீ வாசலில் நிற்பாய். விழுந்தவனின் விளக்கு கீழே தெரியும். ஓடு ஓடு என்று உன் உடம்பே உன்னைத் தள்ளும். நம் பக்கம் கிணற்றுக்குள் இறங்கினவன் மயங்கினால் அண்ணன் குதிப்பான், அண்ணனுக்குப் பின்னால் மச்சான் குதிப்பான், மூன்று பேரையும் பொணமாகத்தான் தூக்குவார்கள். நான் பிழைத்தது ராஜய்யா வெளியே நின்றதால். உனக்கு அன்றைக்கு ஒரு ராஜய்யா இருப்பாரோ இல்லையோ, எனக்குத் தெரியாது. அதனால் நீயே அவராக இருந்துகொள். நின்று, அடுத்தவர்களையும் நிறுத்தி, காற்றைத் திருப்பிவிட்டு, மீட்புக் குழு வரும் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திரு.

அப்படி நின்றும் அந்த ஆள் பிழைக்காமல் போகலாம் கண்ணு. அதையும் சொல்லிவிடுகிறேன், பொய் சொன்னது போதும். அவன் சம்சாரம் வந்து உன் சட்டையைப் பிடித்து, நீ ஏன் போகவில்லை என்று கேட்பாள். கூட வேலை பார்க்கிறவர்கள் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். உனக்கே உன்னைப் பிடிக்காது. அன்றைக்கு லீவு போட்டுவிட்டு நேராக ஊட்டுக்கு வந்துவிடு. உன்னை யார் என்ன கேட்டாலும் நானும் உங்கம்மாவும் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டோம். உள்ளே கிடப்பவன் யாராக இருந்தாலும் சரி, கூடப் படித்தவனாக இருந்தாலும் சரி, நீ கட்டிக்கப் போகிறவனாக இருந்தாலும் சரி. உன் அப்பனே அங்கே விழுந்து கிடந்தாலும், நில் கண்ணு. முதலில் திரையைக் கட்டு.

அப்பா